கோழிக்கூட்டு டட்சன்

நியூசிலாந்தின் ஓக்லாந்தில் கார் வாங்கின தமிழர் எத்தனையோ பேர். முட்டையோடு கார் வாங்கினவர் மன்னார்க்காரர் பற்றிக் லெம்பேட் ஒருவர்தான்.

1991ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு சனிக்கிழமை, பேப்பர் விளம்பரம் பார்த்து, பழைய புல்வெட்டும் மெஷின் ஒன்று வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர், பின்னேரம் சான்ட்ரிங்ஹாம் வீட்டு வாசலில் ஒரு டிரெய்லரை நிறுத்தினார். டிரெய்லரில் டட்சன் இருநூற்று நாற்பது இசட். 1972இல் செய்த கார். ஒரு காலத்தில் செம்மஞ்சளாக இருந்திருக்கவேண்டும். நீண்ட மூக்கு, இரண்டே இரண்டு இருக்கை, நாலு சக்கரத்துக்கு மூன்று சில்லு. ஓட்டுபவர் இருக்கையில் வைக்கோல் கிடந்தது. வைக்கோலில் மூன்று முட்டை கிடந்தன. அவருடைய மனைவி விக்ரோறியா முதலில் கண்டது முட்டையைத்தான்.

"இதென்னப்பா?"

"கார்."

"புல்லு வெட்டுற மெஷின் எங்க?"

"புல்லு கொஞ்ச நாளைக்கு வளரட்டும், விக்கி. இதைப் பாரும். இந்த மூக்கைப் பாரும்!"

விக்ரோறியா மூக்கைப் பார்த்தாள். மூக்கின் நுனியில் கோழி எச்சம் காய்ந்து கிடந்தது. முட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், வெங்காயம் மிளகாய் போட்டுப் பொரித்தாள். அந்தக் காரால் வீட்டுக்கு வந்த முதலும் கடைசியுமான நன்மை அதுதான் என்று அடுத்த ஆறு வருடமும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பற்றிக்குக்கு இப்படி விசர் பிடிக்கும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். மன்னாரில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவர். உப்புக்காற்றும் இரும்பைத் தின்னும் கறளும் பார்த்துப் பார்த்து அலுத்தவர். ஓக்லாந்துக்கு வந்து ஈஸ்ட் டாமாக்கியில் ஐஸ்கிறீம் டப்பா வார்க்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் வேலை. நேரத்துக்குப் போவார், நேரத்துக்கு வருவார், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் நித்திரை கொள்வார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். கண்டதையெல்லாம் நக்கலடிப்பார். சுவாமியாரையும் விடமாட்டார், வானத்துச் சம்மனசையும் விடமாட்டார்.

அந்த நாளில் தமிழர் எல்லாரும் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பழைய கார்தான் வாங்குவார்கள். வெள்ளைக் கொரோலா, இல்லாவிட்டால் வெள்ளைக் கொரோனா. விக்ரோறியாவின் தம்பி கெல்வினும் ஒன்று வைத்திருந்தான். அதன் ரேடியோவில் ஒரேயொரு ஸ்டேஷன்தான் வேலை செய்யும், மற்றதெல்லாம் இரைச்சல். ஆனாலும் கார் சாவி போட்டதும் சத்தமில்லாமல் ஓடும்.

"அத்தான், இந்தத் தகரத்துக்குச் செலவழிக்கிறதுக்கு என்ர மாதிரி ஒண்டு எடுத்திருக்கலாமே," என்றான் கெல்வின்.

"உன்ர காரை ஓட்டுறதும் ஒண்டு, சோபாவில இருக்கிறதும் ஒண்டு," என்றார் பற்றிக். "இது ஓடேக்கை உனக்கு முதுகெலும்பு இருக்கெண்டு தெரியும்."

"ஓடேக்கை தானே அத்தான்? அது எப்ப?"

அதுதான் கேள்வி. 

முதலில் கராஜ் போனது. அங்கே இருந்த சலவை மெஷின் சமையலறைக்கு வந்தது. பிறகு சமையலறையும் போகத் தொடங்கியது. கறிவேப்பிலைப் பொட்டலத்துக்கும் அறக்குளா மீனுக்கும் நடுவே, குளிரில் சுருங்கவேண்டும் என்று பிளாஸ்டிக் பையில் கட்டின பேரிங் ஐஸ்பெட்டிக்குள் கிடந்தது. ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் காலை விக்ரோறியா கேக் போட அடுப்பைத் திறந்தாள். உள்ளே எஞ்சினின் மேல்மூடி, புதுசாகப் பூசின வெள்ளிப் பெயின்டோடு, தட்டில் வடிவாகப் படுத்திருந்தது.

"சேசுவே! இதை ஆர் திங்கிறது?"

"தொடாதேயும், விக்கி! இன்னும் இருபது நிமிசம் வேகவேணும்."

அந்த வருடக் கேக்குக்கு ஒரு வாசனை இருந்தது. சாப்பிட்டவர்கள் பிராந்தி கூடிவிட்டது என்று நினைத்தார்கள். அவளும் ஆமென்று தலையாட்டினாள்.

கறளென்றால் மட்டும் பற்றிக் நக்கலடிக்கமாட்டார். அப்போது வேறு ஆள். கறள் பிடித்த இடத்தில் பட்டி பூசி மெழுகி, மேலே பெயின்ட் அடிக்கிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. கெட்ட இரும்பை வெட்டி எடுப்பார். புதுத்தகட்டை அளந்து, வளைத்து, வெல்டிங்கில் ஒட்டுவார். ஒட்டுவதற்கு முன் தகட்டின் உள்பக்கத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து, அது காய்ந்ததும் ஒரு ஆணியால் அன்றைய திகதியைக் கீறுவார். பெட்டி மாதிரி மூடுகிற இடமாக இருந்தால் அடியில் ஒரு ஓட்டை விடுவார்.

"தண்ணி எப்பிடியும் உள்ளுக்கு வரும். மறிக்கேலாது. வெளியில போக வழி விட்டாச் சரி. வழியை அடைச்சியோ, முடிஞ்சுது கதை," என்று தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிற எல்லாருக்கும் வகுப்பெடுப்பார்.

"உள்ளுக்குக் கிடக்கிற திகதியை ஆர் பார்க்கப் போயினம்?" என்று விக்ரோறியா ஒருநாள் கேட்டாள்.

"ஒருத்தரும் பார்க்கப்படாது. பார்த்தா என்ர வேலை பிழைச்சுப்போச்செண்டு அர்த்தம்."

நக்கலுக்கு அவர் அதிகம் பயன்படுத்தியது விக்ரோறியாவின் பவுடர் டின்னை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் வீட்டில் மடு மாதா கோவில் மண் கொஞ்சம் எப்போதும் இருக்கும். அது இருக்கிற வீட்டுக்குள் பாம்பு வராது என்பது நம்பிக்கை. நியூசிலாந்துக்குள் ஒரு பிடி மண்ணும் கொண்டுவரக்கூடாது என்பது சட்டம். விக்ரோறியா பவுடர் டின்னைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் மண்ணை நிரப்பி, மேலே ஒரு விரற்கடை பவுடர் போட்டு, விமான நிலையத்தில் 'மண் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்து வந்து சேர்ந்தவள். பிறகு பொய் சொன்ன பாவம் உறுத்த, பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னாள். அந்த வெள்ளைக்காரச் சுவாமியார் மெல்லச் சிரித்து, "மகளே, இந்த நாட்டிலே பாம்பே இல்லையே," என்றார்.

"மண் வேலை செய்யுதெண்டதுக்கு வேற என்ன சாட்சி வேணும், ஃபாதர்?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

இதைக் கேட்ட நாளிலிருந்து பற்றிக்குக்குக் கொண்டாட்டம். "இந்த நாட்டில நிறையப் பாம்பு இருந்தது. விக்கி பிளேனால இறங்கினவா, எல்லாம் அவுஸ்திரேலியாவுக்கு நீந்திப் போட்டுது," என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். டின்னை அலுமாரியில் சீலைகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். ஒருமுறை திறந்து பார்த்தபோது மண் கொஞ்சம் இறங்கியிருந்தது. குளிரில் இறுகியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இதெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது ஒன்று இருந்தது.

1994ஆம் ஆண்டு யூலை மாதம் அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி. வெட்டி எடுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள். நாலு நாள் ஆஸ்பத்திரி. எடுத்ததைச் சோதித்து முடிவு சொல்ல மேலும் பத்து நாள். அந்த நாலு நாளும் பக்கத்துக் கட்டில்காரிகளின் புருஷன்மார் பூவும் பழமும் கொண்டுவந்து, நாற்காலியில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தார்கள். பற்றிக் பின்னேரத்தில் வந்தார். உடம்பெல்லாம் இரும்பு எரிந்த மணம். பத்து நிமிடம் இருப்பார், சுவரைப் பார்ப்பார், "சாப்பிட்டீரோ?" என்பார், எழும்பிப் போய்விடுவார். ஒரு நக்கல்கூட அடிக்கவில்லை. எங்கே போகிறார் என்று அவள் கெல்வினைக் கேட்டாள்.

"கராஜுக்குள்ள வெல்டிங் பிடிக்கிறார், அக்கா," என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

கட்டி நல்ல கட்டி, பயமில்லை என்று முடிவு வந்தது. ஆனால் அவள் மறக்கவில்லை. 'நான் சாகக் கிடக்க, இவர் தகரம் ஒட்டினவர்' என்பதை வாய்விட்டே சொன்னாள். கோபம் வந்தாலும் சொன்னாள், விருந்தாளிகள் முன்னாலும் சொன்னாள். அதைக் கேட்டதும் பற்றிக் எழும்பிக் கராஜுக்குப் போய்விடுவார். அந்தக் காரை அவள் வெறுத்தாள். உண்மையாகவே வெறுத்தாள்.

1995இல் கார் ஒருவழியாக ஓடியது. வாரண்டுக்குப் போனார்கள். ரோட்டில் ஓடத் தகுதியான கார் என்று சோதித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்கண்ணாடியில் ஒட்டித் தருகிற துண்டுக்கு அங்கே வாரண்ட் என்று பெயர். பக்கத்து வீட்டு ரங்கநாதன், சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர், "முதல் தடவை வெளியே எடுக்கிறீங்க, சும்மா எடுக்கக்கூடாது சார்," என்று நாலு சில்லுக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். கார் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"சார், நிறுத்துங்க! மூணுதான் நசுங்கிச்சு. பின்னாடி ஒண்ணு முழுசா இருக்கு பாருங்க!"

பின்சில்லு உருளாமல், பிரேக்கில் இறுகி, பழத்தைத் தள்ளிக்கொண்டு இழுபட்டிருந்தது. வாரண்ட்காரன் அரை மணித்தியாலம் பார்த்துச் சொன்னதும் அதைத்தான். விக்ரோறியா மிஞ்சின பழத்தைக் கழுவித் தேசிக்காய்த் தண்ணி போட்டாள்.

அடுத்த வருடம் ஸ்டியரிங்கில் ஆட்டம் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் விக்ரோறியா அவரைக் கையில் பிடித்து இழுத்து அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அந்தோனியாரும் பற்றிக்கும் பழக்கமானவர்கள்தான். காணாமற்போன பொருளைத் தேடித் தருகிறவர் என்பதால், எப்போதும் தொலைகிற நட்டுக் கழற்றுகிற பத்தாம் நம்பர்ச் சாவிக்காக வாரத்துக்கு இரண்டு தரம் அவருக்கு மெழுகுதிரி கொளுத்துவார்.

"சத்தியம் பண்ணுங்கோ. இன்னும் ஒரேயொரு தரம். மூண்டாந்தரமும் வாரண்ட் கிடையாட்டி, காரை அந்த ஹெண்டர்சன்காரனுக்குக் குடுக்கவேணும்."

ஹெண்டர்சன்காரன் என்பவன் பந்தயக் கார் வைத்திருந்த ஒருவன். மூன்று வருடமாக அந்த எஞ்சின்மேல் கண். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை நசுக்கப் போட்டுவிடுவேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னவன். பற்றிக் சுரூபத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார். ஓட வழியில்லை.

"சரி. சத்தியம்," என்றார். 

1997 ஆவணியில் மூன்றாந்தரம். விக்ரோறியா வேலைக்கு லீவு போட்டுவிட்டு கெல்வினின் கொரோனாவில் பின்னால் போனாள். டட்சனின் கடைசிப் பயணத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றுதான் போனாள். அதை மறைக்கவும் இல்லை. ஹெண்டர்சன்காரனையும் இழுவை லொறியோடு பத்தரை மணிக்கு அங்கேயே வரச் சொல்லி டெலிபோன் பண்ணியிருந்தாள். செம்மஞ்சள் பெயின்ட் மழைத்தூறலில் பளபளத்தது. வடிவாகத்தான் இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தாள். உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வாரண்ட்காரன் தாடி வைத்த பெரிய வெள்ளைக்காரன். பிரேக் பார்த்தான், சரி. ஸ்டியரிங் ஆட்டினான், சரி. லைட் சரி, பெல்ட் சரி, புகை சரி. பற்றிக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். காரை மேலே உயர்த்தி, அவன் ஒரு சின்னச் சுத்தியலால் அடித் தகட்டைத் தட்டிக்கொண்டு போனான். வலப்பக்கக் கதவுக்குக் கீழே, காரின் நீளத்துக்கு ஓடுகிற இரும்புப் பெட்டியில் டங், டங், டங். இடப்பக்கம் வந்தான். டங், டங், புத்.

திரும்பத் தட்டினான். புத்.

ஒரு ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்தினான். அது பணியாரத்துக்குள் போவது மாதிரிப் போனது. கை அகலத்துக்கு ஒரு தகடு பெயர்ந்து நிலத்தில் விழ, அதன் பின்னால் ஒரு கிழிந்த துணி தொங்கியது. துணியிலிருந்து ஈரமண், சிவந்த மண், அவனுடைய காற்சப்பாத்துக்குமேல் பொத்தென்று விழுந்தது.

"கடவுளே! இதுக்குள்ள யாரப்பா தோட்டம் செய்தது?" என்று இங்கிலீஷில் கேட்டான் அவன்.

கெல்வின் மண்ணைப் பார்த்தான். பிறகு தமக்கையைப் பார்த்தான்.

"அக்கா... நீங்களோ?"

"எனக்கென்ன விசரே? என்ர மண் அலுமாரிக்குள்ள கிடக்கு!" என்று கத்தினாள் விக்ரோறியா. கத்தினபடியே பற்றிக்கின் பக்கம் திரும்பினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த டயர்க் கம்பனிக் கலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

அவள் குனிந்து, விழுந்த தகட்டை எடுத்தாள். ஓரமெல்லாம் கறள் தின்று சல்லடையாகிவிட்டது. தண்ணீர் போகும் ஓட்டையை அந்த மண்பொட்டலம் சரியாக அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் மேற்பாதியில் உள்பக்கத்துச் சிவப்புப் பெயின்ட் இன்னும் இருந்தது. பெயின்டில் ஆணியால் கீறின எழுத்து: 12-7-94.

அந்தத் திகதி அவளுக்குத் தெரியும். அன்று காலை எட்டு மணிக்குத்தான் அவளை ஆப்பரேசன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவள் அந்த எண்களை விரலால் ஒருமுறை தடவினாள்.

"இதைக் கூட்டி எறியட்டா?" என்று வாரண்ட்காரன் தும்புத்தடியை எடுத்தான்.

"தொடாதே!" என்றாள் விக்ரோறியா தமிழில். அவனுக்கு அது நன்றாகவே விளங்கியது. இரண்டடி பின்னால் போய்விட்டான். கோவிலுக்குப் போகிற சட்டையோடு அந்த எண்ணெய் நிலத்தில் முழங்காலில் இருந்து, மடு மாதாவின் மண்ணை ஒரு துளி விடாமல் கைலேஞ்சித் துணிக்குள் கூட்டி அள்ளினாள். பிறகு பற்றிக்கைக் கூட்டிக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்குப் போனாள்.

"அது பாம்புக்கு," என்றாள்.

"தெரியும்."

"கட்டிக்கு இல்லை."

"தெரியும் எண்டுறன். வேற என்ன கிடந்தது எங்களிட்ட?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பற்றிக் கையில் ஒட்டியிருந்த கிறீஸைத் துடைக்கத் தொடங்கி, துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆஸ்பத்திரி வாட்டுக்குள்ள என்னால இருக்கேலாமப் போச்சு, விக்கி. உம்மட முகத்தைப் பார்த்தா அழுகை வரும். நான் அழுதா நீர் பயந்துபோவீர். வீட்டுக்கு வந்து உமக்கு உடுப்பெடுக்க அலுமாரியைத் திறந்தா டின்தான் கண்ணில பட்டுது. நான் எவ்வளவு நக்கலடிச்சனான், எனக்கு மாதா செய்வாவோ எண்டு யோசிச்சன். கேட்டுப் பார்ப்பம் எண்டு வைச்சன்."

"காருக்குள்ளயோ வைக்கிறது? தலைமாட்டில வைக்கிறதுதானே!"

"நீர் கண்டால் எனக்கு வெக்கம்."

"அது சரி, ஏன் இடப்பக்கம்?"

பற்றிக் அவளை விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வலப்பக்கம் நானெல்லோ இருக்கிறனான். நீர் இருக்கிறது இடப்பக்கம்."

விக்ரோறியா அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். மூன்று வருடம் அவரைத் திட்டின திட்டெல்லாம் அவளுக்கே திரும்பி வந்து குத்தியது. சொல்லியிருக்கலாமே, மூதேவி, சொல்லியிருக்கலாமே என்று அவருடைய தோளில் இரண்டு அடியும் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஹெண்டர்சன்காரன் இழுவை லொறியைக் கொண்டுவந்து நிறுத்தி, சங்கிலியோடு இறங்கினான். பற்றிக் சத்தியம் பண்ணின மனிதர். தலையைக் குனிந்து சாவியை நீட்டினார். விக்ரோறியா சாவியைப் பறித்துத் தன் பைக்குள் போட்டாள்.

"விற்பனைக்கு இல்லை," என்றாள் அவனிடம்.

"நீங்கள்தானே போன் பண்ணினது?"

"அது நேற்று."

கெல்வினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, அந்தோனியாருக்குச் சத்தியம் பண்ணினதெல்லோ? மூண்டு தரம் முடிஞ்சுது."

"இது கார் விட்ட பிழை இல்லை, மாதாவின்ர மண்ணால வந்தது," என்றாள் விக்ரோறியா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்தோனியார் மாதாவோட சண்டைக்குப் போகமாட்டார். அப்பிடிப் போனா நான் கதைக்கிறன் அவரோட."

காரை நாலாந்தரம் கொண்டுபோனது ஐப்பசியில். தாடிக்காரன் இடப்பக்கத்தை மட்டும் பதினைந்து தரம் தட்டிப் பார்த்துவிட்டு வாரண்டை ஒட்டினான். இப்போது மண் கமராப் படச்சுருள் வருகிற சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில், மூடி இறுக்கி, அவளுடைய இருக்கைக்கு முன்னாலுள்ள சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. இடப்பக்கக் கண்ணாடி சரியாக மூடாததால் மழை பெய்தால் விக்ரோறியாவின் மடியில்தான் விழும். அவள் துவாய் ஒன்று கொண்டு போவாள்.

அதற்கு முன், அந்தக் கதவுக்குக் கீழே புதுத்தகடு ஒட்டுகிற அன்று, அவள் தானாகவே கராஜுக்குள் வந்தாள். பற்றிக் தகட்டை வளைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்துக் காயவைத்திருந்தார். திகதி கீற ஆணியை எடுத்தார்.

"இஞ்ச தாங்கோ," என்று வாங்கினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு திகதியைக் கீறினாள். நிறுத்தவில்லை, அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி கீறிக்கொண்டே போனாள். பற்றிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார்.

'இனி அழுகை வந்தா என்னட்ட வந்து அழும். ஓட்டையை அடைக்காதேயும்.'

அவர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். வெல்டிங் முகமூடியை அவசரமாக இழுத்து முகத்தை மூடினார்.

"கழற்றுங்கோ அதை," என்றாள் விக்ரோறியா. "இப்பத்தானே எழுதினனான்."